மசாரா: வலை யாருடையது, கை யாருடையது?

2020 செப்டெம்பர் 1 ஆம் திகதி இரவு, லிபியாவின் பெங்காசி நகருக்கு வடக்கே, நடுக்கடலில் இரண்டு இத்தாலிய மீன்பிடிப் படகுகள் பிடிபட்டன. ஒன்றின் பெயர் அந்தார்த்திதே, மற்றதின் பெயர் மெதினேயா. பிடித்தவர்கள், கிழக்கு லிபியாவைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கலீஃபா ஹஃப்தாரின் படையினர். படகுகளில் இருந்த 18 பேரும் 108 நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களின் வீட்டுக்காரர் ரோமுக்குப் போய் நாடாளுமன்றத்தின் முன்னால் உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் டிசெம்பர் 17 அன்று இத்தாலியப் பிரதமரும் வெளிநாட்டமைச்சரும் நேரே பெங்காசிக்குப் பறந்து போன பிறகுதான் விடுதலை கிடைத்தது.

இலங்கையின் வடக்கில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதையின் ஒழுங்கு பழக்கமானது. எல்லை தாண்டிய படகு, கைது, பெண்களின் போராட்டம், தலைவர்களின் பேச்சுவார்த்தை, விடுதலை. எங்கட பத்திரிகைகளில் கிழமைக்கு ஒருதடவையாவது வாற செய்திதான். ஆனால் பெங்காசிச் செய்தியில் ஒரு விபரம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. பிடிபட்ட 18 பேரில் இத்தாலியர் 8 பேர் மட்டுமே. 6 பேர் துனிசியர், 2 பேர் இந்தோனேசியர், 2 பேர் செனகல்காரர். தலைப்புகளோ "இத்தாலிய மீனவர்" என்றே போட்டன. வட ஆபிரிக்கக் கடலில் மீன் அள்ளப்போன ஐரோப்பியப் படகு. அதில் வலையை இழுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வட ஆபிரிக்கர். அப்படியென்றால் இந்தச் சண்டையில் யார் எந்தப் பக்கம்?

அந்த இரண்டு படகுகளும் சிசிலித் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மசாரா டெல் வால்லோ என்ற ஊரைச் சேர்ந்தவை. பலெர்மோவில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கப் போனபோது, எங்களில் மூன்று பேர் ஒரு நாளை ஒதுக்கி அந்த ஊருக்குப் போனோம். 1980களில் இருந்து ஈழத்தமிழர் போய்க் குடியேறிய நகரம் பலெர்மோ. அந்த நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மலையேறும் தமிழரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்கிற, குருநகரில் பிறந்த அண்ணா ஒருவர் வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் எங்களோடு வந்தார். நாங்கள் பார்த்ததையும் பிறகு வாசித்ததையும் சேர்த்து எழுதுவது இது.

ரோமை விடத் துனிஸ் கிட்ட

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மசாராவில் இருந்து துனிசியாவின் போன் முனைக்கு 200 கிலோமீற்றரை விடக் குறைவு. துனிஸ் நகரம், சொந்த நாட்டின் தலைநகரமான ரோமை விடக் கிட்ட இருக்கிறது. ஊரின் நடுவால் மட்சாரோ என்ற சிறிய ஆறு ஓடிக் கடலில் விழுகிறது. அந்த ஆற்று வாய்தான் பழைய துறைமுகம். ஆற்றின் இரண்டு கரையிலும் படகுகளை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஆற்று வாயை நம்பித்தான் பினீசியர் வந்தார்கள், கிரேக்கர் வந்தார்கள், கார்த்தேஜ்காரர் வந்தார்கள்.

827 ஆம் ஆண்டு வந்தவர்கள்தான் ஊரின் முகத்தை மாற்றினார்கள். சிசிலி அப்போது பைசாந்தியப் பேரரசின் கீழ் இருந்தது. எவுஃபெமியுஸ் என்ற கடற்படைத் தளபதி பேரரசனோடு முரண்பட்டு, கடல் கடந்து போய் இன்றைய துனிசியாவை ஆண்ட அக்லபி அமீரிடம் உதவி கேட்டான். அமீர் அனுப்பிய படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு போர்வீரர் அல்ல. கைரவான் நகரத்தின் காழி, மாலிக்கி சட்ட அறிஞர், எழுபது வயதை நெருங்கிய அசத் இப்னு அல்-ஃபுராத். சூஸ் துறைமுகத்தில் புறப்பட்ட அந்தப் படை மசாராவில் கரையிறங்கியது. அடுத்த வருடமே சிரக்கூசா முற்றுகையின்போது அசத் இறந்துபோனார். ஆனால் அந்தத் தரையிறக்கத்தோடு தொடங்கிய முஸ்லிம் ஆட்சி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தீவின் மேற்குப் பகுதி முழுவதையும் "வால் டி மசாரா" என்று அழைக்கிற அளவுக்கு ஊரின் பெயர் பெரிதானது.

1072 இல் நோர்மன் கோமகன் ரொஜர் ஊரைக் கைப்பற்றினான். 1093 இல் மசாரா ஒரு கத்தோலிக்க மறைமாவட்டம் ஆனது. இன்றைக்கும் பேராலயத்தின் முன்வாசலுக்கு மேலே 1584 இல் செதுக்கிய சிற்பம் ஒன்று இருக்கிறது. குதிரையில் ரொஜர், குதிரையின் குளம்புக்குக் கீழே விழுந்து கிடக்கிற ஒரு முஸ்லிம் வீரன். வெற்றி நடந்து 500 வருடத்துக்குப் பிறகு அதை ஞாபகப்படுத்தச் செதுக்கியது. "இதை ஏன் இன்னும் கழட்டாமல் வைச்சிருக்கினம்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அண்ணா சிரித்தார். "கழட்டினா இன்னொரு சண்டை வரும், தங்கச்சி." அந்தச் சிற்பத்தின் கீழால் துனிசியத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு பக்கமும் போய் வந்த சனம்

இதை அரபுக்காரர் வந்தார்கள், நோர்மன்காரர் துரத்தினார்கள் என்ற இரண்டு வரிக் கதையாக முடித்துவிடலாம். கனபேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் கடல் ஒற்றைவழிப் பாதை இல்லை.

இமாம் அல்-மாசரி என்ற புகழ்பெற்ற மாலிக்கி அறிஞரை எடுங்கள். "மாசரி" என்றால் மசாராக்காரர். அவர் வாழ்ந்து படிப்பித்தது மறுகரையில், துனிசியாவின் மஹ்தியா நகரத்தில். 1141 இல் அங்கேயே இறந்தார். அவர் இறந்து 7 வருடத்தில், 1148 இல், சிசிலியின் நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜரின் கப்பல்கள் போய் அதே மஹ்தியாவைப் பிடித்தன. 1160 இல் அதை இழந்தன. ஒரு நூற்றாண்டில் அங்கிருந்து படை வரும், இன்னொரு நூற்றாண்டில் இங்கிருந்து படை போகும். மஹ்தியா என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

கிட்டிய காலத்துக்கு வந்தால், 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வறுமையால் கடல் கடந்தவர்கள் சிசிலிக்காரர்தான். போன இடம் துனிசியா. 1881 இல் பிரான்ஸ் துனிசியாவைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்த பிறகும், அங்கே பிரெஞ்சுக்காரரை விட இத்தாலியர் தொகைதான் நீண்டகாலம் கூடுதலாக இருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் சிசிலியின் ஏழைகள். துனிசுக்குப் பக்கத்தில் லா குலெத் என்ற துறைமுக ஊரில் ஒரு பகுதிக்கே "சின்னச் சிசிலி" என்று பெயர். ஒகஸ்ட் 15 இல் அந்த ஊர் மீனவர் திராபனி மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள்; முஸ்லிம்களும் யூதர்களும் கூட வருவார்களாம். நடிகை கிளவுடியா கார்டினாலே அப்படியொரு சிசிலிக் குடும்பத்தில் 1938 இல் துனிசியாவில் பிறந்தவர்தான். 1956 இல் துனிசியா சுதந்திரம் அடைந்தது. 1964 இல் வெளிநாட்டவரின் காணிகளை அரசாங்கம் எடுத்தது. அதற்குப் பிறகு இந்தச் சனத்தின் பெரும்பகுதி வெளியேறியது.

அவர்கள் வெளியேறிய சில வருடத்தில் எதிர்த்திசையில் ஆக்கள் வரத் தொடங்கினார்கள்.

கஸ்பா

மசாராவின் பழைய நகரப்பகுதியைக் கஸ்பா என்கிறார்கள். ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் முட்டுகிற ஒழுங்கைகள், முடுக்குகள், திடீரென்று திறக்கும் சிறிய முற்றங்கள். இப்போது சுவர் முழுக்க வண்ண மட்பாண்ட ஓடுகள் பதித்து, உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிற இடமாக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு "ஆயிரம் வருடமாக அரபு மணம் மாறாத ஊர்" என்று எழுதுவது சுகம். ஆனால் இங்கே அரபு மொழி ஆயிரம் வருடமாகத் தொடர்ந்து ஒலிக்கவில்லை. 13 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசன் சிசிலியில் எஞ்சியிருந்த முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுசேராவுக்கு நாடுகடத்தினான். மதமும் மொழியும் போயின. சொற்களும் சாப்பாடும் மிஞ்சின. சூரை மீன் பிடிக்கும் பெரிய நிலைவலைகளை நடத்துகிற தலைவனை சிசிலியில் "ராயிஸ்" என்பார்கள். அது அரபுச் சொல். மீன் ரசம் ஊற்றித் தின்னும் குஸ்குஸ் இந்தக் கரையோரத்தின் சொந்தச் சாப்பாடு.

கஸ்பாவில் அரபு திரும்ப ஒலிக்கத் தொடங்கியது 1960களின் கடைசியில்தான். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மசாராவின் படகுகள் பெருகிக்கொண்டிருந்தன, ஆனால் உள்ளூர்ப் பொடியளுக்குக் கடலுக்குப் போக விருப்பம் குறைந்துகொண்டிருந்தது. வடக்கே மிலானிலும் தூரினிலும் தொழிற்சாலை வேலை இருந்தது. இரண்டு, 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கில் பெரிய பூமியதிர்ச்சி. பழைய வீடுகளை விட்டு உள்ளூர்ச் சனம் புதிய பகுதிகளுக்கு நகர்ந்தது. வெறுமையான கஸ்பா வீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியேறியவர்கள் துனிசிய மீனவர். அவர்களில் பெரும்பாலானோர் மஹ்தியாவில் இருந்தும் அதற்குப் பக்கத்து ஊரான ஷெப்பாவில் இருந்தும் வந்தவர்கள். அல்-மாசரி படிப்பித்த அதே மஹ்தியா.

1981 இல் துனிசிய அரசாங்கம் இங்கே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. பாடம் அரபிலும் பிரெஞ்சிலும். பிள்ளைகள் ஒருநாள் ஊருக்குத் திரும்புவார்கள் என்ற கணக்கில் தொடங்கியது அது. திரும்பாத பிள்ளைகள்தான் கூட. வெளிநாட்டில் சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த எங்கட மச்சான், மச்சாள்மாருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

நாட்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில்

ஆற்றங்கரையில் அண்ணா ஒரு படகின் பின்பக்கத்தைக் காட்டி நின்றுவிட்டார். இரும்புப் பலகைகள் இரண்டு தொங்கின. "உது எங்கட றோலரின்ர பலகைதான். எங்கட ஆக்கள் மரத்தில செய்வினம். இது என்ன எடை இருக்கும்!"

தெரியாதவர்களுக்கு: இழுவைமடியின் வாயைத் தண்ணீருக்குள் விரித்து வைப்பது இந்தப் பலகைகள்தான். படகு இழுக்க இழுக்க, பலகை இரண்டும் இரண்டு பக்கம் விலகும், நடுவில் மடி திறந்து அடித்தரையை வழித்துக்கொண்டு வரும். குருநகரில் இருந்து போற றோலரும் மசாரா றோலரும் இயங்குகிற முறை ஒன்றுதான். அளவு வேறு. மசாராவின் படகுகள் தேடிப்போவது "கம்பெரோ ரொஸ்ஸோ" என்ற சிவப்பு றாலை. 400, 500 மீற்றர் ஆழத்திலும் அதற்குக் கீழேயும் வாழ்கிற றால். ஒருதடவை போனால் ஒரு மாதம், சிலவேளை அதற்கும் மேல். பிடித்ததைப் படகிலேயே உறைய வைத்துவிடுவார்கள். தூனிசியக் கரைக்கு அப்பால், லிபியாவுக்கு முன்னால், கிழக்கே சைப்பிரஸ் பக்கம் வரைக்கும் போகிறார்கள். அந்த றால் மிலான், ரோம் நகரங்களின் விலைகூடிய மேசைகளில் பச்சையாகவே பரிமாறப்படுகிறது.

இழுவைமடி எதை அள்ளும் என்பதற்கு ஊரின் நடுவிலேயே சாட்சி இருக்கிறது. 1997 இலும் 1998 இலும் "கப்பித்தான் சிச்சோ" என்ற படகின் மடியில், சிசிலிக் கால்வாயின் அடியில் இருந்து ஒரு வெண்கலச் சிலை துண்டு துண்டாக ஏறியது. முதலில் ஒரு கால், அடுத்த வருடம் உடல். தலையைப் பின்னால் எறிந்து, முடி பறக்க ஆடுகிற சத்தீர். கிரேக்கர் கதைகளில் வருகிற மது மயக்கத் தெய்வத்தின் தோழன். ரோமில் திருத்தி, 2003 இல் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இப்போது சாந்த் எஜிதியோ என்ற பழைய தேவாலயத்தில் அதற்கென்றே ஒரு நூதனசாலை. இரண்டு கையும் இல்லை, ஒரு கால் இல்லை, ஆனாலும் சுழன்றுகொண்டிருப்பது போல இருக்கும். கனநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

ஊர் அதை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிறது. கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் 500 மீற்றர் ஆழத்தில் பல நூற்றாண்டுகளாகக் கிடந்த வெண்கலத்தைக் கிளப்பக்கூடிய மடி, அதே தரையில் இருக்கிற பவளத்தையும் குஞ்சு மீனையும் என்ன செய்யும்? 2005 இல் மத்தியதரைக் கடலின் மீன்வள ஆணையம் 1000 மீற்றருக்குக் கீழே இழுவைமடி கூடாது என்று தடை போட்டது. சிசிலிக் கால்வாயில் குஞ்சு மீன் வளர்கிற சில இடங்களையும் பிறகு மூடினார்கள். மசாராவின் படகுத் தொகையும் முன்னைப்போல இல்லை. டீசல் விலை ஒரு பக்கம், படகை உடைத்தால் நட்டஈடு தருகிற ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம் இன்னொரு பக்கம்.

மீன் யுத்தம்

தன் கடலை வழித்து முடித்த படகு அடுத்தவன் கடலுக்குப் போகும். இது மசாராவின் சரித்திரம் மட்டுமில்லை.

லம்பெதூசாத் தீவுக்கு மேற்கே, துனிசியக் கரையில் இருந்து வெளியே வளைந்து துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கடற்பகுதியை இத்தாலியர் "மம்மெல்லோனே" என்கிறார்கள். ஆழம் குறைந்த, மீன் பெருகுகிற இடம். துனிசியா அது தன்னுடைய மீன்பிடி வலயம் என்றது. மசாராக்காரர் அது சர்வதேசக் கடல், தங்கள் அப்பா, அப்பப்பா தொழில் செய்த இடம் என்றார்கள். 1950களில் இருந்து படகுகள் பிடிபட்டன, தண்டம் கட்டப்பட்டது, துப்பாக்கிச் சூடு நடந்தது. இத்தாலியப் பத்திரிகைகள் இதற்கு "மீன் யுத்தம்" என்று பெயர் வைத்தன. 1971 இல் இரண்டு நாடும் கடலடித் தரையைப் பிரித்து ஒப்பந்தம் எழுதின. 1979 இல் இத்தாலி அரசாங்கமே தன் படகுகள் மம்மெல்லோனேயில் தொழில் செய்யக்கூடாது என்று ஆணை போட்டது. பிறகும் படகுகள் போயின.

லிபியாப் பக்கம் இன்னும் மோசம். 2005 இல் லிபியா தன் 12 மைல் கடலுக்கு வெளியே மேலும் 62 கடல் மைலை மீன்பிடிப் பாதுகாப்பு வலயமாக அறிவித்தது. இத்தாலி அதை ஏற்கவில்லை. 2020 இல் அந்தார்த்திதேயும் மெதினேயாவும் பிடிபட்டது இந்த வலயத்துக்குள்தான். ஒரு பக்கத்துக்கு அது களவு, மற்றப் பக்கத்துக்கு அது கடற்கொள்ளை.

2010 செப்டெம்பரில் நடந்ததையும் சொல்லவேண்டும். மசாராவின் "அரியேத்தே" என்ற படகை லிபியாவின் ரோந்துப் படகு ஒன்று துரத்திச் சுட்டது. அந்த ரோந்துப் படகு இத்தாலி அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆபிரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்கு அகதிகள் வருவதைத் தடுக்க என்று கொடுத்தது. சுட்ட நேரம் இத்தாலியின் நிதிக் காவற்படை ஆக்களும் அதில் இருந்தார்கள். சனத்தைத் தடுக்கக் கொடுத்த படகு, கொடுத்த நாட்டின் மீனவரையே சுட்டது. 2021 மே மாதத்தில் "அலிசெயோ" என்ற படகின் கப்டன் லிபியக் கரையோரக் காவற்படையின் சூட்டில் காயப்பட்டார்.

இத்தனை வருடச் சண்டையிலும் மசாராப் படகுகளின் மேல்தளத்தில் நின்றவர்களில் கணிசமானோர் துனிசியர். துனிசியக் காவற்படை ஒரு மசாராப் படகைப் பிடித்தால், மஹ்தியாக்காரன் மஹ்தியாக்காரனிடமே கைதியாகிறான். ஆற்றங்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதான துனிசியரிடம் அண்ணா மூலம் இதைக் கேட்டோம். அவர் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. எங்கே இழுக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது கப்டன், கப்டனைத் தீர்மானிக்கிறது முதலாளி, எனக்கு வீட்டில் ஐந்து வாய் இருந்தது என்ற கருத்தில் சொன்னார். பிறகு எங்கட நாட்டில் என்ன மீன் என்று கேட்டார்.

மறுகரையிலும் றோலர்

இதைப் பணக்கார ஐரோப்பா, ஏழை ஆபிரிக்கா என்று பிரித்துவிட்டுப் போகலாமா? முழுதாகப் போகேலாது. துனிசியாவின் கெர்க்கென்னாத் தீவுகளில் "ஷர்ஃபியா" என்று ஒரு தொழில் இருக்கிறது. ஆழம் குறைந்த கடலில் பேரீச்சை ஓலைகளை வேலிபோல நட்டு, வற்றுப்பெருக்கோடு வாற மீனைக் கூட்டுக்குள் திருப்புகிற முறை. எங்கட பரவைக் கடலில் கட்டுகிற சிறகுவலையை அப்படியே ஓலையில் கட்டினால் அதுதான். 2020 இல் யுனெஸ்கோ அதை மரபுரிமையாக ஏற்றது. அந்த ஷர்ஃபியாவை இன்றைக்கு அழிப்பது மசாராப் படகு இல்லை. 2011 புரட்சிக்குப் பிறகு கட்டுப்பாடு தளர்ந்தபோது ஸ்ஃபாக்ஸ் பக்கம் பெருகிய, "கிஸ்" என்று அழைக்கிற சிறிய இழுவைப் படகுகள். துனிசியரின் படகு, துனிசியரின் கடல். கடற்புல்லையும் சேர்த்து வழிக்கிறது.

ஆகவே கேள்வி எந்த நாட்டுக் கொடி என்பதில் முடிவதில்லை. எந்த மடி என்பதும் கேள்வி.

எங்கட கடலுக்கு வந்தால்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். சிசிலிக் கால்வாயில் இருப்பது போலப் பெரிய தூரமில்லை. இரண்டு கரையிலும் பேசுவது ஒரே மொழி. 1974 இலும் 1976 இலும் இந்தியாவும் இலங்கையும் கடலில் கோடு போட்டன. அதற்கு முன்னமே, 1952 இல் நோர்வேயும் ஐக்கிய நாடுகளும் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தோடு இந்திய மீன்பிடியில் இயந்திரமயமாக்கல் தொடங்கியிருந்தது. றால் ஏற்றுமதிக்காகத் தமிழ்நாட்டுக் கரையில் இழுவைப்படகுகள் பெருகின. யுத்தக் காலத்தில் எங்கட பக்கம் கடலுக்குப் போகத் தடை, இயந்திர வலுவுக்குத் தடை, நேரத்துக்குத் தடை. வெறுமையாகக் கிடந்த கடலில் அந்தப் படகுகள் பழகிவிட்டன. யுத்தம் முடிந்து எங்கட ஆக்கள் வலையோடு திரும்பியபோது, இரவோடு இரவாக வலைகள் அறுபட்டன. இலங்கை 2017 இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. ஆனால் குருநகரிலும் பேசாலையிலும் எங்கட சொந்த றோலர்களும் இருக்கின்றன என்பதை மறைக்கத் தேவையில்லை. துனிசியரின் "கிஸ்" படகைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் அது நேர்மையில்லை.

இந்தப் பிரச்சினையைப் பேச எங்களிடம் இரண்டு மொழி இருக்கிறது. ஒன்று "இந்தியக் கொள்ளைக்காரர்". மற்றது "தொப்புள்கொடி உறவுகள்". முதலாவது, பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறைக்கு வாற கூலித் தொழிலாளியையும், கரையில் இருந்து கணக்குப் பார்க்கிற படகு முதலாளியையும் ஒரே ஆளாக்குகிறது. இரண்டாவது, அறுபட்ட வலைக்கு யார் காசு தருவது என்ற கேள்வியை உறவின் பெயரால் வாயடைக்கிறது. மசாரா இந்த இரண்டு மொழியும் காணாது என்று காட்டுகிறது. அங்கே ஆயிரம் வருட உறவு இருந்தது, ஒரே சாப்பாடு இருந்தது, ஒரே படகில் வேலை இருந்தது. மீன் யுத்தம் நின்றதா? இல்லை. மாறி மாறிப் படகு பிடித்ததும் சுட்டதும் தண்டம் வாங்கியதும் அதை நிறுத்தியதா? அதுவும் இல்லை. உறவும் பகையும் படகின் மேல்தளத்தில் இருக்கிறவர்களைப் பற்றியவை. மடி என்ன, முதல் யாருடையது, றால் எந்தச் சந்தைக்குப் போகிறது என்பவற்றை அவை தொடுவதில்லை.

"பாரம்பரிய உரிமை" என்ற சொல்லையும் அங்கே வைத்து யோசித்தோம். மசாராக்காரர் சொல்கிற அப்பப்பா பாய்மரத்தில் போனவர். இராமேஸ்வரத்தார் சொல்கிற பாட்டனும் அப்படித்தான். பாய்மரத்துக்கும் தூண்டிலுக்கும் உள்ள உரிமையை, நூற்றுக்கணக்கான குதிரைவலு இயந்திரம் அப்படியே முதுசமாக எடுக்கலாமா? பாட்டன் போன கடலுக்குப் பாட்டனைப்போல வா என்று சொன்னால், பேச்சுவார்த்தை வேறு மாதிரி நடக்கும். இந்த வாதத்தை எங்கட மீனவ சங்கங்கள் கனகாலமாகச் சொல்லிக்கொண்டுதான் வருகின்றன: வருகிற ஆளோடு எங்களுக்குப் பகை இல்லை, கொண்டுவருகிற மடியோடுதான். தமிழ்நாட்டிலும் சிறுதொழில் மீனவர் அதே மடியால் பாதிக்கப்படுகிறார்கள். இந்தக் குரலுக்கு இரண்டு தலைநகரத்திலும் இடமில்லை, ஏனென்றால் இதில் கொடி பிடிக்க வழியில்லை.

மயிலிட்டித் துறைமுகத்தில் பிடிபட்ட இந்தியப் படகுகள் வெயிலிலும் மழையிலும் உக்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்தமுறை அங்கே போகிறவர்கள் அந்தப் படகுகளின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற பதிவு இலக்கத்தோடு நிறுத்தாமல், பின்பக்கம் போய்ப் பலகையையும் பாருங்கள். பிறகு குருநகருக்கு வந்து அங்கே கட்டியிருக்கிற பலகைகளையும் பாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு நடக்கிற விவாதமாக இருந்தால், அதில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.